முகப்பில் நிற்கும் பெயர்கள்

சிறுசேரி சிப்காட் வளாகத்தில், மேலதிகாரி பகிர்ந்தளித்த வேலையைச் சம்பளத்திற்குச் செய்து முடித்துவிட்டு, தாம்பரம் பக்கம் வீடு திரும்பும் பேருந்தின் ஜன்னலோரத்தில் அமர்ந்து பழைய நூலொன்றைக் கைப்பேசியில் புரட்டுகிறவர்கள், அதன் முகப்பிலுள்ள சில வரிகளைச் சாதாரணமாகத் தாண்டிப் போய்விடுவார்கள். எனக்கோ அவ்வரிகளில்தான் முதல் ருசி. 1998-ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கிய, தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாக வழங்கும் மதுரைத் திட்டத்தின் மின்பதிப்புகள் பலவற்றில், தட்டச்சு செய்தவர் இன்னார், மெய்ப்புப் பார்த்தவர் இன்னார் என்று, ஊதியம் ஏதும் பெறாத அன்பர்களின் பெயர்கள் தனித்தனியே பொறிக்கப்பட்டிருக்கும். தட்டச்சிட்டவரின் கண் தன் பிழையைத் தானே மன்னித்துவிடும் சுபாவமுடையதாகையால், மெய்ப்புப் பார்ப்பதைப் பிறர் கண்ணிடம் ஒப்படைத்தது விவேகமான காரியம்.

லினக்ஸ் என்னும் கணினி இயங்குதளத்தின் கருவான கெர்னலின் மூலநிரலோடு வரும் ‘மெயின்டெய்னர்ஸ்’ என்னும் கோப்பும் இவ்வினத்தைச் சேர்ந்ததே: எந்தப் பகுதிக்கு யார் பொறுப்பாளர், திருத்தங்களைப் பரிசீலிப்பவர் யார் என்று அலங்காரமின்றிச் சொல்லிச் செல்லும் அந்தப் பட்டியல், கவனிப்பாரற்றுப் போன பகுதிக்கு எதிரே கூச்சமின்றி ‘அநாதை’ என்றே எழுதிவைக்கிறது. கௌரவத் தலைவர்கள் மலிந்த நம் சங்கங்களின் நிர்வாகக் குழுப் பட்டியல்களில் (நானும் இரண்டொன்றில் இருக்கிறேன்) இந்த நேர்மையை நான் கண்டதில்லை.

அடுத்த முறை மின்னூலைத் திறக்கும்போது, முகப்பு வரிகளையும் நின்று படியுங்கள்.