பலி கேட்பது யார்?

குறுந்தொகை 362ஆம் பாட்டை எம்.ஏ. வகுப்பில் ‘மூடநம்பிக்கையைச் சாடும் பாட்டு’ என்று நடத்தினார்கள். வேம்பற்றூர்க் கண்ணன் கூத்தன் பாடியது. மகள் மெலிந்துபோகிறாள், முருகு பிடித்துவிட்டது என்று வேலனைக் கூட்டிவருகிறார்கள். ஆட்டுக்குட்டியை அறுத்து, அவள் நெற்றியைத் தடவிப் படையல் வைக்கிறான். கோவிச்சுக்காதே என்று தொடங்கும் தோழி, இவளை வருத்திய மலைநாடனின் மார்பும் இந்தப் பலியைத் தின்னுமா என்று கேட்கிறாள். சங்ககாலப் பகுத்தறிவு! கைதட்டிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போனோம்.

இன்று அந்தக் கைதட்டல் உறுத்துகிறது. தோழி எங்கே சாமியை மறுத்தாள்? நற்றிணை 34இலும் ஒரு தோழி முருகனை நேரில் நிறுத்தி, கடவுளானாலும் நீ அறிவில்லாதவன் என்றுதான் ஏசுகிறாள். இல்லாத சாமியை யாரும் ஏச மாட்டார்கள். 362இன் தோழி வெறியாட்டின் மொழியை அப்படியே வைத்துக்கொண்டு குற்றவாளியை மட்டும் மாற்றுகிறாள். பிடித்தது நிசம்தான், பிடித்த ஆள் வேறு. ‘அணங்கு’ என்ற சொல்லைப் பாருங்கள். 1975இல் ஜார்ஜ் ஹார்ட் அதைப் பெண்ணுடலில் உறையும் ஆபத்தான புனித ஆற்றலோடு சேர்த்து விளக்கினார், 1986இல் வி.எஸ். ராஜம் இது பொருளைக் குறுக்குவது என்று மறுத்தார். இந்தப் பாட்டு ராஜம் பக்கம்தான் நிற்கிறது. இங்கே அணங்குகிறவன் ஆண்.

சரி, அப்புறம்? துறைக்குறிப்பு ‘அறத்தொடு நின்றது’ என்கிறது. களவை வீட்டுக்குத் தெரிவித்துக் கல்யாணத்துக்கு வழிசெய்வது. வேலன் கையிலிருந்து பிடுங்கிய பெண்ணைத் தோழி கணவன் கையில் கொடுக்கப் பார்க்கிறாள். கல்யாணம்தான் மருந்து.

சின்ன வயதில் எங்கள் ஊரில் பார்த்தேன். கல்யாணமாகி ஆறே மாதத்தில் தாய்வீடு திரும்பிய அக்கா ஒருத்தியைக் கோடங்கி முன்னால் உட்காரவைத்து, முடியைப் பிடித்து உலுக்கி, ‘நீ யாரு, எங்கேருந்து வந்தே’ என்று விடியவிடியக் கேட்டார்கள். பேயின் பேர் கேட்டார்கள், ஊர் கேட்டார்கள். அவளுக்கு அங்கே என்ன நடந்தது என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

362இலும் தலைவிக்கு ஒரு வார்த்தை கிடையாது. நெற்றி மட்டும் இருக்கிறது, தடவுவதற்கு. இதே வெறியாட்டை வைத்து வெறிபாடிய காமக்கண்ணியார் அகநானூறு 22இல் தலைவியையே பேசவிடுகிறார். வெறியாடிய நள்ளிரவில் காவலைத் தாண்டிக் காதலன் வந்துவிடுகிறான். நோய்க்குச் சம்பந்தமே இல்லாத வேலனுக்காக இத்தனையும் பாழாச்சே என்று, அவன் அணைப்பில் இருந்தபடி சிரித்ததைச் சொல்கிறாள்.

அந்தப் பாட்டு எங்கள் பாடத்தில் இல்லை.