கயிறு இழுக்கும் ஞாயிறு

ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் நடுவில் இருக்கிறது பிள்ளைப்பாக்கம். விடிவதற்குள் சிப்காட் வாசல்களில் கம்பெனி பஸ்கள் வரிசை கட்டிவிடும். அந்தப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் சில வருடங்களுக்கு முன் 'டீம் பில்டிங்' நிகழ்ச்சி ஒன்றைப் பார்க்க வாய்த்தது. ஞாயிற்றுக்கிழமை காலை. மஞ்சள், நீலம், பச்சை டி-ஷர்ட்டுகள். லெமன் ஸ்பூன், பலூன் உடைப்பு, கடைசியில் கயிறு இழுத்தல். சென்னையிலிருந்து வந்த பயிற்சியாளர் மைக்கில் கத்தி உற்சாகப்படுத்திக்கொண்டிருந்தார். வேப்பமர நிழலில் பச்சை டி-ஷர்ட் பையன் ஒருவன் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தான். முந்தின இரவு சி ஷிப்ட் பார்த்தவன். அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இந்த நிகழ்ச்சிகளைக் கேலி செய்வது சுலபம். ஆனால் அன்று ஒன்றைக் கவனித்தேன். கயிற்றின் ஒரு முனையில் பிளான்ட் ஹெட், அவர் முதுகுக்குப் பின்னால் பெயின்ட் ஷாப் பையன். இருவரும் சேர்ந்தே மண்ணில் விழுந்தார்கள், சேர்ந்தே சிரித்தார்கள். லைனில் இரண்டு வருடம் பக்கத்துப் பக்கத்தில் நின்றும் பெயர் தெரியாதவர்கள் அன்றைக்குப் பெயர் கேட்டுக்கொண்டார்கள். இயந்திரச் சத்தத்தில் சைகையாலேயே பேசிப் பழகியவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. பெயர் தெரிந்தவனிடம்தான் "அண்ணே, இந்த போல்ட் லூசா இருக்கு" என்று தயங்காமல் சொல்ல முடியும்.

கோளாறு விளையாட்டில் இல்லை, அழைப்புப் பட்டியலில் இருக்கிறது. ஒரே லைனில் நிரந்தரத் தொழிலாளி, ட்ரெய்னி, அப்ரென்டிஸ், 'சி.எல்.' எனப்படும் ஒப்பந்தத் தொழிலாளி என நாலு வகை ஆட்கள் நிற்கிறார்கள். தமிழ் பேசுபவருக்குப் பக்கத்தில் ஒடியாவோ இந்தியோ பேசுபவர். நான் பார்த்த நிகழ்ச்சியில் சி.எல். ஆட்கள் யாரும் இல்லை. "அவங்க கான்ட்ராக்டர் ரோல், நம்ம பட்ஜெட்ல வரமாட்டாங்க" என்றார் ஒருவர். வாரம் ஆறு நாள் ஒன்றாக வேலை செய்யும் குழுவை ஏழாம் நாள் இரண்டாகப் பிரித்துவிட்டு, மிச்சம் இருப்பவர்களை வைத்துக் குழு கட்டுகிறோம். அதுவும் அவர்களுடைய வார விடுமுறையில். வருவது கட்டாயமில்லை என்று நோட்டீஸ் சொல்லும். வந்தவர் பெயரை லைன் லீடர் குறித்துக்கொள்வார்.

இதைவிட நல்ல ஏற்பாடு நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதற்குப் பயிற்சியாளர் தேவையில்லை. ஆயுத பூஜை. முதல் நாளே லைனைக் கழுவுகிறார்கள். கழுவுபவர்கள் அங்கே வேலை செய்பவர்களேதான். வெல்டிங் கன்னுக்கும் ஃபோர்க்லிஃப்டுக்கும் சந்தனப் பொட்டு. பீகாரிலிருந்து வந்தவருக்கு இது விஸ்வகர்மா பூஜையை நினைவூட்டும். தேதிதான் வேறு, பொருளை விளக்க வேண்டியதில்லை. மெயின்டனன்ஸ்காரர் அன்றைக்குக் கதாநாயகன். பூசணிக்காய் உடைப்பது யார் என்பதில் ஒரு செல்லச் சண்டை நடக்கும். பொரியும் கடலையும் எல்லார் கைக்கும் ஒரே அளவு. எல்லாம் வேலை நேரத்தில், வேலை இடத்தில், வேலைக் கருவியை நடுவில் வைத்து. ஆனால் இங்கேயும் ஓர் ஓட்டை உண்டு. பொரி சமம், ஸ்வீட் பாக்ஸ் சமமில்லை. நிரந்தரத் தொழிலாளிக்கு ஒரு கிலோ, சி.எல்.லுக்குக் கால் கிலோ என்று வந்தால், அந்த முக்கால் கிலோவை அடுத்த பூஜை வரை யாரும் மறப்பதில்லை.

சாதிக்க முடியாத ஒன்றைச் சாதிக்கச் சொல்லி இந்த விழாக்களை ஏவுவதுதான் பெரிய பிழை. விழாவால் தீராத குறைகள் இங்கே உண்டு. 2021 டிசம்பரில் இதே வட்டாரத்து சுங்குவார்சத்திரம் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். விடுதிச் சாப்பாடு நஞ்சாகி 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்தார்கள். தங்குமிட நெருக்கடி பற்றிய குறை அதற்கு முன்பே புகைந்துகொண்டிருந்தது. 2024 செப்டம்பர் 9-இல் இதே வட்டாரத்து சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். அது ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தது. நடுவில் நிர்வாகம் ஒரு தொழிலாளர் குழுவோடு ஒப்பந்தம் போட்டது. அதில் மாதம் 5,000 ரூபாய் ஊக்கத்தொகையும் ஏசி பஸ் வசதியும் இருந்தன. போராட்டத்தில் இருந்தவர்கள் அதை ஏற்கவில்லை. கூலி உயர்வோடு, தங்கள் சங்கத்தின் பெயரில் எதிரே உட்கார்ந்து பேச வேண்டும் என்பதும் அவர்கள் கோரிக்கை. சங்கம் பதிவானது 2025 ஜனவரியில். 100 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் நிர்வாகமும் தொழிலாளரும் சேர்ந்த பணிக்குழு அமைக்க உத்தரவிட 1947-இன் தொழில் தகராறுகள் சட்டத்திலேயே, மூன்றாம் பிரிவில், வழி இருந்தது. தொழிலாளர் தரப்பின் எண்ணிக்கை அதில் நிர்வாகத் தரப்பைவிடக் குறையக்கூடாது என்றும் இருந்தது. காகிதத்தோடு நின்றுபோன அந்தக் குழுவின் வேலையைக் கயிறு இழுக்கும் போட்டி செய்யாது.

அப்படியானால் இந்த நிகழ்ச்சிகள் எதற்குத்தான் உதவும்? எச்.ஆர். வட்டாரத்தில் 'அவுட்பவுண்ட்' என்று புழங்கும் வெளிப்புறப் பயிற்சியின் பூர்வீகத்தைப் பார்த்தால் ஒரு பதில் கிடைக்கிறது. அதன் முன்னோடியான 'அவுட்வர்ட் பவுண்ட்' பள்ளியை 1941-இல் வேல்ஸ் கடற்கரையில் கல்வியாளர் குர்ட் ஹான் தொடங்கினார். துணை நின்றவர் கப்பல் முதலாளி லாரன்ஸ் ஹோல்ட். போரில் கப்பல் மூழ்கும்போது உயிர்ப்படகில் வயதான மாலுமிகள் தாக்குப்பிடிக்கிறார்கள், இளைஞர்கள் சாகிறார்கள் என்பது ஹோல்ட்டின் கவலை. அந்தப் பையன்கள் கடலில் பழகியது கடலில் பிழைக்கத்தான். நாம் அந்தக் கடலை எடுத்துவிட்டுக் கயிற்றை மட்டும் வைத்துக்கொண்டோம். குழுக் கட்டமைப்பு பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்து 2009-இல் வெளிவந்த ஒரு மதிப்பீடும் இதையே காட்டுகிறது. இலக்கைச் சேர்ந்து வகுப்பதும், யார் வேலை எது என்று தெளிவுபடுத்துவதும்தான் மற்றவற்றைவிட அதிகம் பலன் தந்தன.

பிள்ளைப்பாக்கத்து லைனுக்குக் கடல் எது? என் கணக்கில் அது ஷிப்ட் மாறும் நேரம். ஏ ஷிப்ட்காரர் ஒரு சென்சார் தகராறு செய்வதைப் பார்த்திருப்பார். பஸ் கிளம்பும் அவசரத்தில் பஞ்சிங் போட்டு ஓடுவார். பி ஷிப்ட்காரர் அதே சென்சாரோடு முக்கால் மணி நேரம் மல்லுக்கட்டுவார். மறுநாள் காலை மீட்டிங்கில் இரண்டு சூப்பர்வைசர்களும் ஒருவர் மீது ஒருவர் பழி போடுவார்கள். குழு உடையும் இடம் அதுதான். கட்ட வேண்டிய இடமும் அதுவே. இரண்டு ஷிப்டையும், நிரந்தரம், சி.எல். பார்க்காமல், இயந்திரத்தின் முன்னால் பத்து நிமிடம் நிறுத்தி, என்ன விட்டுப்போனது, யார் பார்ப்பது என்று பேச வைத்தால் போதும். முதல் மாதம் சண்டை வரும். வரட்டும். அந்தப் பத்து நிமிடத்துக்குச் சம்பளம் உண்டு என்பது மட்டும் நிபந்தனை.

இதை ஒரு எச்.ஆர். மேலாளரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "நல்ல யோசனைதான் சார். ஆனா பஸ் பத்து நிமிஷம் லேட்டா கிளம்பணுமே, ட்ரான்ஸ்போர்ட் கான்ட்ராக்டர் ஒத்துக்க மாட்டார்" என்றார். அடுத்த ஞாயிறு ஈ.சி.ஆர். ரிசார்ட்டுக்குப் போக அதே கான்ட்ராக்டரிடம் நாலு பஸ் பேசி வைத்திருந்தார்.