கறுத்த சரிகை

அம்மாவின் கல்யாணக் கூறைப்புடவையைப் பிரித்தால் முந்தானை இப்போது தேன் நிறத்தில் இருக்கிறது. மடிப்பு விழுந்த இடங்களில் மட்டும் கருமை. "சரிகை கறுத்துப்போச்சு" என்று அம்மா வருந்துவாள். எனக்கோ அந்த நிறம்தான் பிடிக்கும்.

தங்கம் கறுப்பதில்லை. கறுப்பது அதன் அடியில் இருக்கும் வெள்ளி. காஞ்சிபுரத்துச் சரிகையில் நடுவே பட்டு நூல். அதைச் சுற்றித் தட்டையாக்கிய வெள்ளி இழை. அதன்மேல் மெல்லிய தங்க முலாம். காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு பதிவானபோது வகுத்த வரையறையில் சரிகைக்கு வெள்ளி 57 சதவீதம், தங்கம் வெறும் 0.6 சதவீதம் என்று இருந்தது. அவ்வளவு மெல்லிய போர்வையில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கும். காற்றிலும் வியர்வையிலும் உள்ள கந்தகம் அவற்றின் வழியே வெள்ளியைத் தொட்டு, வெள்ளி சல்பைடாக மாற்றுகிறது. முதலில் மஞ்சள், பிறகு பழுப்பு, கடைசியில் கறுப்பு. முலாம் பூசிய பழைய கைக்கடிகாரம் மங்குவதும் ஏறக்குறைய இப்படித்தான். அங்கே அடியில் இருப்பது பெரும்பாலும் பித்தளை.

காஞ்சி வரதராஜப் பெருமாள் கோயிலில் தங்கப் பல்லியும் வெள்ளிப் பல்லியும் அன்றாடம் ஆயிரம் கைகள் தடவித் தேய்ந்து மின்னுகின்றன. புடவைக்கு அந்தத் தேய்ப்பு ஆகாது. தேய்த்தால் கறையோடு முலாமும் போய்விடும். பழைய பருத்தி வேட்டியில் சுற்றி, ஆறு மாதத்துக்கொரு முறை மடிப்பை மாற்றி வைத்தால் போதும்.

பழம்புடவை வாங்குபவர்கள் சரிகையை எரித்து வெள்ளி எடுப்பார்கள். எங்கள் வீட்டுப் புடவையை நான் கொடுக்கமாட்டேன்.