நடுக்குவாதம்: ஒரு பழைய நூலும் அதன் குறையும்

லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817ஆம் ஆண்டில் நடுக்குவாதம் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். அதில் அவர் விவரித்த நோயாளிகள் 6 பேரே. அவர்களுள் சிலரைத் தெருவில்தான் கண்டார். கை நடுக்கம், குனிந்த உடல், ஓட்டமாக மாறிவிடும் நடை ஆகியவற்றை அவர் தீட்டிக் காட்டும் தெளிவு இன்றும் வியக்கத்தக்கது. பின்னர் இந்நோய்க்கு அவர் பெயரே வழங்கலாயிற்று.

ஆனால், புலன்களும் அறிவும் இந்நோயால் கெடுவதில்லை என்று அவர் எழுதியது நூலின் பெருங்குறையாகும். தெருவில் செல்பவரின் நடையைக் காணலாம். மனத்தைக் காண இயலுமா?

இந்நோயில் டோபமின் சுரக்கும் மூளை அணுக்கள் அழிகின்றன. செரடோனின், நாரட்ரினலின் சுரக்கும் அணுக்களும் பாதிக்கப்படுகின்றன. மனநிலையைச் சீராக வைப்பதில் இம்மூன்றுக்கும் பங்குண்டு. நோயாளிகளுள் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு காணப்படுகிறது. சிலருக்குக் கை நடுங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அது தோன்றிவிடுகிறது. ஆகவே, நோயை எண்ணி வருந்துவதால் மட்டும் வரும் துயரம் அன்று அது. மனச்சோர்வுற்றோர் அனைவருக்கும் நடுக்குவாதம் வரும் என்பதும் இதன் பொருளன்று.

மூளையின் வேதியியல் அறியப்படாத காலத்தவரான பார்க்கின்சனைப் பழிப்பது முறையாகாது. ஆனால், "நோய் வந்தால் கவலை இருக்கத்தானே செய்யும்" என்று நாம் இன்றும் விட்டுவிடலாமா? இந்நோயில் முகம் இறுகிப் போவதால், உள்ளத் துயரம் வெளியே தெரிவதில்லை. அருகில் அமர்ந்து கேட்டால்தான் தெரியும். மனச்சோர்வுக்கும் சிகிச்சை உண்டு என்பதை மறக்கலாகாது.