புரட்டாசி விரதமும் வெள்ளிக்கிழமைச் சைவமும்

புரட்டாசி பிறந்ததும் கோயம்புத்தூரிலும் அதைச் சூழ்ந்த கொங்கு நாட்டு ஊர்களிலும் அடுப்பங்கரையின் போக்கே மாறிவிடுகிறது. காரமடை அரங்கநாதரையும் பிற பெருமாள் ஸ்தலங்களையும் சனிக்கிழமைதோறும் தரிசிக்கச் செல்லும் குடும்பங்களில், ஞாயிறு தவறாமல் கோழிக் குழம்பு வைத்துப் பழகியவர்கள்கூட, அந்த ஒரு மாதம் மாமிசத்தையும் முட்டையையும் அறவே விலக்கிவிடுவது பரம்பரையாக வந்த நியமம். கறிக்கோழிக்குப் பெயர்பெற்ற பல்லடமும் முட்டைக்குப் பெயர்பெற்ற நாமக்கல்லும் இதே மண்ணில் இருப்பதால், வீட்டு விரதம் சந்தை விலையிலும் தெரிந்துவிடுகிறது. புரட்டாசியில் கொள்முதல் விலை சரிவதையும் தீபாவளி நெருங்கியதும் அது மறுபடி ஏறுவதையும் பண்ணைக்காரர்கள் முன்கூட்டியே கணக்கில் வைத்துக்கொள்கிறார்கள். அமாவாசை, கிருத்திகை, தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடப்போர் காக்கும் விரதம் ஆகியவையும் இங்கே உண்டு. எனினும் ஊரே சேர்ந்து அனுஷ்டிப்பது புரட்டாசிதான்.

யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பங்களில் இந்த விலக்கு வேறு விதமாக அமைந்திருக்கிறது. புரட்டாசிச் சனி அவர்களுக்குச் சனீஸ்வரனுக்கு எள்ளெண்ணெய் எரிக்கும் நாள். மச்சம் (மீன், இறைச்சி) தவிர்ப்பதோ ஆண்டு முழுவதும் வாரந்தோறும் வரும் ஒழுங்கு: வெள்ளிக்கிழமை பெரும்பாலோருக்கு, செவ்வாயும் சேர்த்துச் சிலருக்கு. அதற்கு மேல் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலின் 25 நாள் திருவிழாவும், கந்தசஷ்டியின் 6 நாளும், கேதாரகௌரி விரதமும் வந்து சேர்கின்றன. புலால் உண்ணாமையைச் சைவ ஆசாரத்தின் அங்கமாக வற்புறுத்திய ஆறுமுக நாவலர் (1822–1879) அங்கே பிறந்து பணியாற்றியவர் என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும். அவர் விரும்பிய முழு விலக்கைக் கைக்கொண்டோர் சிலரே. ஏனையோர் வாரத்தில் ஓரிரு நாளையாவது காப்பாற்றினார்கள். அந்தச் சிறிய நியமம் தலைமுறைகளைக் கடந்து நிலைத்திருக்கிறது.

கோயம்புத்தூருக்கு மேற்கே, சிறுவாணிச் சாலையில் பூலுவபட்டியில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. வடமாகாணத்திலிருந்து வந்து அங்கே குடியிருக்கும் ஒரு மூதாட்டியின் வீட்டில், வெள்ளிக்கிழமைச் சமையலை நான் அருகிருந்து பார்த்தேன். மீன் சமைக்கும் மண்சட்டி வெளியே சுவரோரம் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. "வெள்ளிக்கிழமையில மச்சச் சட்டிய அடுப்படிக்குள்ள எடுக்கமாட்டம், தம்பி" என்றார். தேங்காயைத் துருவி, இரண்டாம் பாலில் வெங்காயமும் பச்சைமிளகாயும் வெந்தயமும் மஞ்சளும் இட்டுக் கொதிக்கவிட்டு, முதற்பாலை ஊற்றி நுரை கட்டியவுடன் இறக்கி, கடைசியில் தேசிக்காய் (எலுமிச்சை) பிழிந்தார். அந்தச் சொதியோடு முருங்கையிலை வறையும் பருப்புக் கறியும் கத்தரிக்காய்க் குழம்பும் சேர்ந்தன. மீன் இல்லாத நாள் என்ற குறையே அந்த உணவில் தெரியவில்லை.

இந்த வேற்றுமைக்கு நிலமே முதற்காரணம் என்பது என் அபிப்பிராயம். யாழ்ப்பாணத்தைச் சுற்றிலும் கடல். மீன் அன்றாட ஆகாரம். ஆகவே அதைத் தவிர்க்க நேரும் நாளுக்கென்று தனிச் சட்டியும் தனிப் பாகமும் அவசியமாயின. கொங்கு நாடோ கடலுக்குத் தொலைவான, மழை குறைந்த மேட்டு நிலம். பழைய குடியானவர் வீட்டில் கம்பும் சோளமும் ராகியும் கொள்ளும் மோருமே நித்திய போஜனமாயிருக்க, கறி என்பது குலதெய்வத்துக்குக் கிடா வெட்டும்போதும் விருந்தாளி வரும்போதும் மட்டும் வருவது. பண்ணைக்கோழி மலிந்த பின்னரே அது வாராந்தர வழக்கமாயிற்று. விஜயமங்கலத்துச் சமணக் கோயிலும், பெருங்கதை பாடிய கொங்குவேளிரும் உணர்த்தும் பழைய சமணச் செல்வாக்கையும், ஆழியாற்றில் வேதாத்திரி மகரிஷி பரப்பிய உணவொழுக்கத்தையும் எண்ணிப் பார்த்தால், இங்கே மாமிசத்தைக் குறைத்துக்கொள்வது புதிய பழக்கமாகாது. பாட்டன் காலத்து இலைக்குத் திரும்புவதேயாகும்.

அரசாங்கமும் இரு தேசத்திலும் கை கொடுக்கிறது. இலங்கையில் பௌர்ணமிப் போயா தினந்தோறும் இறைச்சிக் கடைகள் மூடப்படும். கோயம்புத்தூர் மாநகராட்சியோ திருவள்ளுவர் தினம், வள்ளலார் நினைவு நாள், மகாவீரர் ஜயந்தி, காந்தி ஜயந்தி ஆகிய நாட்களில் மூடச் சொல்கிறது. முந்தின நாளே வாங்கிக் குளிர்பெட்டியில் வைக்கலாம் என்றிருக்கையில், கடையடைப்பு மனத்தை மாற்றும் என்று நான் நம்பவில்லை. மனத்தை மாற்றுவது வீட்டு நியமமும் நாவின் திருப்தியுமே.

அந்தத் திருப்தியை அளிப்பதில் கொங்குச் சமையல் யாருக்கும் இளைத்ததன்று. கொள்ளை வறுத்து வேகவைத்து, வடித்த நீரை மிளகும் சீரகமும் தட்டிப்போட்டு ரசமாக்கி, வெந்த கொள்ளைச் சின்ன வெங்காயம், பூண்டு, வரமிளகாய், கொத்தமல்லி விதையோடு ஆட்டுக்கல்லில் கரகரப்பாக ஆட்டியெடுத்தால், சுடுசோற்றுக்கும் நல்லெண்ணெய்க்கும் அது போதும். நூறு கிராம் கொள்ளில் ஏறத்தாழ 22 கிராம் புரதம் இருக்கிறது. அவசர நாளுக்கு அரிசியும் பருப்பும் சேர்த்து வேகவைக்கும் சாதம் இருக்கிறது. ஒரே பாத்திரம், மேலே நெய். இவற்றை மறந்து, இங்கே மீல் மேக்கரையும் யாழ்ப்பாணத்தில் சோயாமீற்றையும் இறைச்சி மசாலாவில் புரட்டி உண்பது நாவை ஏமாற்றும் உபாயம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

கொங்கு நாட்டு மாத விரதத்தையும் யாழ்ப்பாணத்து வார விரதத்தையும் வைத்துப் பார்க்கையில், பழக்கத்தை நிலைநிறுத்தும் சக்தி யாழ்ப்பாணத்து வார நியமத்துக்கே அதிகம். முப்பது நாள் கட்டிக் காத்துவிட்டு, புரட்டாசி முடிந்த முதல் ஞாயிறன்று கறிக்கடையில் முண்டியடிக்கும் கூட்டத்தை நாம் ஆண்டுதோறும் பார்க்கிறோம். வாரம் இரண்டு நாள் விடுபவரோ ஆரவாரமின்றி ஆண்டில் 104 நாட்களைக் கடந்துவிடுகிறார். அதற்காகக் கொங்குச் சகோதரர்கள் புரட்டாசியை விட்டுவிட வேண்டாம். அதோடு, ஐப்பசி முதல் வெள்ளியிலிருந்து வாரம் ஒரு நாளேனும் கறிச்சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கொள்ளை அடுப்பிலேற்றுங்கள்.