நாய்க்கான வெள்ளப் பை: ஒரு பட்டியலை வாசித்தல்

புத்தகத்துக்கு விமர்சனம் எழுதுறாங்க, படத்துக்கு எழுதுறாங்க, பட்டியலுக்கு யாரும் எழுதுறதில்ல. எனக்கு ஒரு பட்டியலோடு பழைய கணக்கு ஒன்று இருக்கிறது. அதனால் இந்தக் குறிப்பு.

அக்டோபர் பிறந்தால் வாட்ஸப்பில் சுற்ற ஆரம்பிக்குமே, 'பேரிடரின்போது உங்கள் செல்லப்பிராணியுடன் வெளியேறுவது எப்படி' என்று, அந்தப் பட்டியல். பல கைகள் மாறி வந்தாலும் சாயல் ஒன்றுதான். அமெரிக்க அரசின் ரெடி.கவ் தளத்தில் உள்ளதை ஒருமுறை பார்த்தால் குடும்ப மூக்கு தெரிந்துவிடும். காற்றுப் புகாத, நீர் புகாத டப்பாவில் பல நாளுக்கான உணவு. தண்ணீர்க் கிண்ணம். மருந்து. பெயர் பொறித்த கழுத்துப்பட்டை, கயிறு. கூண்டு. பழைய செய்தித்தாள், குப்பைப் பை, ப்ளீச். நீங்களும் உங்கள் பிராணியும் சேர்ந்து நிற்கும் புகைப்படம். பழகின பொம்மை, விரிப்பு.

தப்பு சொல்ல ஒன்றுமில்லை என்றுதான் முதலில் தோன்றும். ப்ளீச் மட்டும் கொஞ்சம் இடிக்கும். அவர்கள் சொல்வது திரவம், நம்ம வீட்டில் இருப்பது ப்ளீச்சிங் பவுடர், இரண்டின் வீரியமும் வேறு, அவர்கள் அளவை அப்படியே எடுக்க முடியாது. அது சின்ன விஷயம், விடுங்கள்.

2015 நவம்பர் மழையிலேயே முடிச்சூரில் எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர். அது வடிந்ததும் இப்படி ஒரு பட்டியலை அச்செடுத்து, ஒவ்வொன்றாக டிக் அடித்து, மணிக்கு ஒரு பை தயார் செய்தேன். மணி எங்கள் நாட்டு நாய், இருபத்திரண்டு கிலோ. மென்பொருள்காரன் புத்தி, எல்லாம் பச்சை டிக் ஆனால் ரிலீஸுக்கு ரெடி என்று அர்த்தம்.

டிசம்பர் 1 ராத்திரி கீழ்வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. மாடியில் ஹவுஸ் ஓனர் வீட்டுக்கு ஏறினோம். மறுநாள் மதியம் ஒரு ஃபைபர் படகு வந்தது, கடற்கரைக் குப்பத்திலிருந்து லாரியில் ஏற்றி வந்த மீனவர் படகு. ஏற்கெனவே அதில் இரண்டு குழந்தைகள், ஒரு கர்ப்பிணி. படகுக்காரர் மணியைப் பார்த்தார். "வாயைக் கட்டினீங்கன்னா ஏத்திக்கிறேன் சார். குழந்தைங்க இருக்கு. அது துள்ளினா படகு ஒரு பக்கமா சாயும்." ரொம்ப நியாயமான பேச்சு. என் பையில் ஐந்து நாள் உணவு இருந்தது, பொம்மை இருந்தது, லேமினேட் செய்த புகைப்படம் இருந்தது. வாய்க்கட்டு இல்லை, ஏனென்றால் நான் அச்செடுத்த பட்டியலில் அது இல்லை. துண்டைக் கிழித்துக் கட்டப் பார்த்தேன். பிறந்ததிலிருந்து யாரும் அதன் வாயைப் பிடித்ததில்லை. பயத்தில் என் கையைக் கடித்துவிட்டு மொட்டை மாடிக்கு ஓடிவிட்டது.

அப்பா, "நீங்க போங்கடா, நான் இருக்கேன்" என்றார். ரெண்டு ராத்திரி இருந்தார். நாய்க்கு ஐந்து நாள் சாப்பாடு, அப்பாவுக்கு ஒரு ரொட்டி பாக்கெட், கரண்ட் இல்லாத ஃப்ரிட்ஜில் பாதிக் குப்பி இன்சுலின். நாலாம் தேதி இடுப்பளவு தண்ணீரில் மணியைக் கயிற்றோடு பிடித்துக்கொண்டு நடந்தே வெளியே வந்தார். காலில் எதுவோ கிழித்திருந்தது. சர்க்கரைக் காலாச்சே. வலது கால் சுண்டுவிரலை எடுக்க வேண்டியதாகிவிட்டது.

அதற்குப் பிறகுதான் அந்தப் பட்டியலை மறுபடி எடுத்து ஒரு பிரதியாக வாசித்தேன். இது யாரைப் பார்த்துப் பேசுகிறது? கார் வைத்திருப்பவரை. டிக்கியில் கூண்டு வைப்பார், நெடுஞ்சாலையில் போவார், நாயை அனுமதிக்கும் விடுதியிலோ ஊர்விட்டு ஊர் உறவினர் வீட்டிலோ இறங்குவார். அவர் வீட்டுக் கதவுக்கும் போய்ச்சேரும் கதவுக்கும் நடுவில் முடிவெடுக்கிற இன்னொரு மனிதர் கிடையாது. படகுக்காரர் இல்லை, பேருந்து நடத்துநர் இல்லை, முகாம் வாசலில் நிற்கும் ஆள் இல்லை. எங்கள் கதை முழுக்க அந்த நடு இடத்தில்தான் நடந்தது.

இத்தனைக்கும், இந்த விஷயத்தை அமெரிக்கா தீவிரமாக எடுத்துக்கொள்ளக் காரணமாக இருந்ததே அந்த நடு இடம்தான். 2005 ஆகஸ்ட் 29, காத்ரீனா புயல். நியூ ஆர்லியன்ஸின் சூப்பர்டோம் அரங்கில் தஞ்சம் புகுந்தவர்களைப் பேருந்தில் ஏற்றும்போது, ஒரு சிறுவனின் கையிலிருந்த சின்ன வெள்ளை நாயைப் போலீஸ்காரர் ஒருவர் வாங்கிவிட்டார். அந்தப் பையன் ஸ்னோபால், ஸ்னோபால் என்று கத்தி, வாந்தி எடுக்கும்வரை அழுதான் என்று ஏ.பி. செய்தி நிறுவனம் எழுதியது. நாடே கொதித்தது. ஃப்ரிட்ஸ் இன்ஸ்டிட்யூட் 2006-இல் வெளியிட்ட கணக்கெடுப்பில், புயலுக்கு முன் வெளியேறாதவர்களில் 44 சதவீதம் பேர், பிராணியை விட்டுப் போக மனமில்லாததும் ஒரு காரணம் என்றிருந்தார்கள். "நாய்க்காக எவனாவது உயிரை விடுவானா" என்று கேட்பவர்களுக்கு அந்த எண்ணே பதில். எங்கப்பாவும் அந்தக் கணக்கில் வருகிற ஆள்தான்.

அதன் விளைவு பெட்ஸ் சட்டம். டாம் லான்டோஸ், கிறிஸ்டோஃபர் ஷேஸ் இருவரும் கொண்டுவந்தார்கள். ஒருவர் ஜனநாயகக் கட்சி, இன்னொருவர் குடியரசுக் கட்சி. கீழவையில் 349க்கு 24 என்று நிறைவேறி, 2006 அக்டோபர் 6 அன்று ஜார்ஜ் புஷ் கையெழுத்திட்டார். சட்டம் ரொம்பச் சின்னது, டீ ஆறுவதற்குள் படித்துவிடலாம். பேரிடருக்கு முன்னும் பின்னும் நடுவிலும், பிராணி வைத்திருப்பவர்களின் தேவையை மாநில, உள்ளூர்த் திட்டங்கள் கணக்கில் எடுக்க வேண்டும் என்கிறது. அதற்குப் பணம் தர வழி செய்கிறது. அவ்வளவுதான். விடுதிகள் நாயை அனுமதித்தே ஆகணும் என்று இந்தச் சட்டம் சொல்வதாக ஒவ்வொரு புயலுக்கும் ஒரு செய்தி பரவும். அப்படி ஒரு வரி அதில் கிடையாது. எல்லா முகாமும் பிராணிகளை உள்ளே விடணும் என்றும் இல்லை. ஸ்னோபாலுக்காக எழுதப்பட்ட சட்டம், அந்தப் பேருந்தின் படிக்கட்டைப் பற்றி நேராக ஒன்றும் சொல்லவில்லை. திட்டம் போடு என்கிறது. திட்டத்தில் என்ன இருக்கணும் என்பதை மாநிலத்துக்கு விடுகிறது. கூட்டாட்சி நாட்டில் அதுதான் முடியும் என்று வாதிடலாம். சரிதான். ஆனால் அந்தச் சட்டத்தைத் தீர்வு என்று கொண்டாடுகிற கட்டுரைகளைப் படிக்கும்போது, இன்டர்ஃபேஸை மட்டும் எழுதிவிட்டு ப்ராஜெக்ட் முடிந்தது என்று கேக் வெட்டுகிறவர்கள் ஞாபகம் வருகிறது.

அதைவிட என்னை நிறுத்தியது, பேரிடர் மேலாண்மை அமைப்பான ஃபீமா இதற்காக வகுத்த வரையறை. வீட்டுப் பிராணி என்றால் நாய், பூனை, பறவை, முயல், கொறிணி, ஆமை போன்றவை. வணிகத்துக்காக அல்லாமல் மகிழ்ச்சிக்காக வீட்டில் வளர்க்கப்படுபவை. ஆமை தவிர மற்ற ஊர்வன வராது, மீன் வராது, பண்ணை விலங்கு வராது, குதிரையும் வராது. செலவைத் திருப்பித் தருகிற கணக்குக்கு இப்படி ஒரு கோடு தேவை என்பது புரிகிறது. ஆமைக்கு மட்டும் விதிவிலக்கு எழுதின அதிகாரி வீட்டில் ஆமை இருந்திருக்கும் என்று ஒரு சந்தேகம், அது தனி.

அந்தக் கோட்டை அப்படியே நம் ஊருக்குக் கொண்டுவந்தால் எங்கே விழும்? 'செல்லப்பிராணி' என்பது நாம் எழுதும்போது போட்டுக்கொள்கிற சொல். பேசும்போது யாரும் சொல்றதில்ல. "நாய் வளர்க்கிறோம்", "ஆடு வளர்க்கிறோம்", ஒரே வினைச்சொல். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது, அந்தப் பகுதியில் ஒரு குடும்பம் தாழ்வாரத்தில் கட்டியிருந்த ஆடு மகிழ்ச்சிக்கா வணிகத்துக்கா? அதற்குப் பெயரும் இருக்கும், பள்ளிக்கட்டணமும் அதுதான். அதை அவிழ்க்காமல் யாரும் கிளம்ப மாட்டார்கள். அமெரிக்க வரையறையை மொழிபெயர்த்து நாம் சுற்றவிடும் பட்டியல்களில் இந்த ஆட்டுக்கு ஒரு வரிகூடக் கிடையாது. தெருவே சோறு போட்டு வளர்க்கிற நாய்க்கும் கிடையாது, அதற்குக் கழுத்துப்பட்டையே இல்லையே.

பட்டியலில் நான் சாதாரணமாகக் கடந்துபோன ஒரு வரி, பிற்பாடு கனத்தது. சேர்ந்து நிற்கும் புகைப்படம். ஏதோ உணர்ச்சிக்காகச் சொல்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். ஜெராலின் பெசனோஸ்கி இயக்கிய 'மைன்' என்கிற 2009 ஆவணப்படத்தைப் பார்த்த பிறகுதான் விளங்கியது. காத்ரீனாவில் மீட்கப்பட்ட பிராணிகள் நாடு முழுக்க அனுப்பப்பட்டு, புது வீடுகளுக்குத் தத்துப் போயின. பழைய உரிமையாளர்கள் தேடிக் கண்டுபிடித்துக் கேட்டபோது சில புது வீடுகள் தர மறுத்தன. வழக்கு வரை போனது. விட்டுவிட்டு ஓடினவர்களுக்கு உரிமை உண்டா என்று ஒரு கட்சி. எங்களை எங்கே கூட்டிக்கொண்டு போகவிட்டீர்கள் என்று இன்னொரு கட்சி. கேட்டவர்களில் பலர் கறுப்பர்கள், ஏழைகள். ஆக அந்தப் புகைப்படம் ஒரு சாட்சிப் பத்திரம். பட்டியல் இதைச் சொன்னால் என்ன? காரணம் சொல்லாத விதியைத்தான் ஜனங்க முதலில் விட்டுவிடுவாங்க.

இதற்கு எதிர்ப்பக்கம் வைக்க வேண்டியது ஜப்பானின் வழிகாட்டி. 2011 மார்ச்சில் ஃபுகுஷிமா அணு உலையைச் சுற்றி 20 கிலோமீட்டருக்குள் இருந்தவர்களை வெளியேற்றியபோது, சில நாளில் திரும்பிவிடலாம் என்று நாயைக் கட்டிவைத்துவிட்டுப் போனவர்கள் நிறையப் பேர். ஏப்ரல் 22-இலிருந்து அந்த வட்டத்துக்குள் நுழையவே தடை. அந்தப் பாடத்திலிருந்து ஜப்பானின் சுற்றுச்சூழல் அமைச்சகம் 2013-இல் ஒரு வழிகாட்டி போட்டது. 'டோகோ ஹினான்', அதாவது பிராணியோடு சேர்ந்து வெளியேறுவதுதான் அடிப்படை என்றது. இந்த ஆவணம் எனக்குப் பிடித்ததற்குக் காரணம், இதில் நாய் ஒரு நாயாகவே வருகிறது. குரைக்கும், பயப்படும், கடிக்கும், மலம் கழிக்கும், முகாமில் பக்கத்துப் படுக்கையில் இருப்பவருக்கு அது பிடிக்காமலும் இருக்கும். அதனால் கூண்டுக்குப் பழக்குவது, அந்நியரிடம் பழக்குவது, தடுப்பூசி எல்லாம் உணவு டப்பாவுக்குச் சமமான தயாரிப்பாக எழுதப்பட்டிருக்கிறது.

ஆனால் அந்த ஆவணமும் ஒரு சொல்லில் வழுக்கியது. 2016 ஏப்ரலில் குமாமோட்டோ நிலநடுக்கம். 'சேர்ந்து வெளியேறு' என்று அரசே சொல்லியிருக்கிறதே என்று நாயும் பூனையுமாக முகாமுக்குப் போனவர்களில் பலருக்கு உள்ளே இடமில்லை. காரிலேயே படுத்தார்கள். நாள்கணக்கில் காரில் மடங்கிக் கிடப்பதால் காலில் ரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போகும் ஆபத்து அங்கே பெரிய கவலையானது. சேர்ந்து போவது வேறு, சேர்ந்து தங்குவது வேறு. அதற்கு 'டோஹான் ஹினான்' என்று இன்னொரு சொல் உண்டு, அதுகூட ஒரே அறை என்று உறுதி தராது. இதை 2018-இல் வழிகாட்டியைத் திருத்தும்போது தெளிவாக எழுதினார்கள். தன் சொல்லால் ஜனங்கள் குழம்பினார்கள் என்று ஒரு அரசு ஆவணம் திருந்துவது அபூர்வம். அந்த மரியாதையை அதற்குக் கொடுக்கத்தான் வேண்டும்.

நம் ஊர்ப் பட்டியலை நான் எழுதினால் பையைப் பற்றி இரண்டே வரி. மிச்சமெல்லாம் வாய்க்கட்டும் வாசலும். வாய்க்கட்டைக் கடையில் 'மஸில்' என்று கேட்க வேண்டும். வாயை இறுக்கி மூடும் துணி வகை வேண்டாம், அதைப் போட்டால் நாயால் மூச்சிரைக்க முடியாது, சூடு வெளியேறாது. கூடை வகை வாங்கணும். உள்பக்கம் தயிர்சாதம் தடவி அதுவாக மூக்கை நுழைக்கவிட்டு, பட்டையை மாட்டுவது பல நாள் கழித்துத்தான். வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்ட புத்தகம் ஜிப் கவரில். எலிக்காய்ச்சலுக்கும் ஊசி, வெள்ளத்தண்ணியில் நடக்கப்போகிற நாய் அது.

வாசல் பாகம் கஷ்டம். போன வருஷம் எங்கள் பகுதிக்கு முகாம் என்று குறித்திருக்கும் பள்ளி எது என்று விசாரித்து, நாய் விடுவீர்களா என்று சம்பந்தப்பட்ட ஒருவரிடம் கேட்டேன். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். "உள்ள விட முடியாது சார், குழந்தைங்க, வயசானவங்க படுத்திருப்பாங்க. சைக்கிள் ஸ்டாண்டுல தகரம் போட்டிருக்கு, அங்க கட்டிக்கலாம்," என்றார். பிறகு அவரே, "எத்தனை வரும்?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் நானும் தெருவில் வீடு வீடாகக் கேட்டு எழுதினோம். நாற்பது வீட்டில் பதினொரு நாய், ஆறு பூனை, கடைசி வீட்டில் மூன்று ஆடு. மணி இப்போது இல்லை. எங்கள் கணக்கில் முத்து. வாய்க்கட்டு இருக்கிறதா என்கிற கட்டத்தில் முத்துவுக்கு மட்டும்தான் டிக். தெருமுனை டீக்கடைப் படியில் படுத்திருக்கும் நாலு நாயை எந்த வீட்டுக் கணக்கில் எழுதுவது என்று அப்பா கேட்டார். டீக்கடைக்காரர் பேரைப் போடச் சொன்னேன். அவரிடம் இன்னும் கேட்கவில்லை.