மாத்தளைத் தோட்டங்களில் பாட்டுப் பயிற்சியும் சரீரமும்

மாத்தளைப் பகுதியின் பாட்டு மரபைக் குறித்து மலருக்கு ஏதேனும் எழுதித் தருமாறு மன்றத்துப் பெரியோர் பணித்தார்கள். அவர்கள் சொல்லைத் தட்டும் துணிவு எனக்கில்லை. பாட்டுப் பரம்பரைகளின் வரலாற்றை அன்பர்கள் அறிவார்கள். சி. வி. வேலுப்பிள்ளை நம் மக்களின் பாடல்களைத் திரட்டி ஏட்டிலேற்றிய அருஞ்செயலையும், மாத்தளை வடிவேலன் நமது பாரம்பரியக் கலைகளைக் குறித்து எழுதியவற்றையும் இங்கு விரிக்க வேண்டுவதில்லை. ஏட்டில் ஏறாது நின்றுவிட்ட ஒன்றை, அதாவது பாட்டைச் சரீரத்தின் வழியே கற்பித்த முறையையே சொல்ல விழைகிறேன்.

19ஆம் நூற்றாண்டில் மன்னார்க் கரையிறங்கி நடந்தே வந்த கோப்பிக் காலத்து முன்னோர்க்கு மாத்தளையே மலையின் வாசல். திருச்சி, சேலம், புதுக்கோட்டை என்று அவரவர் சீமை வழக்கோடு வந்தமையால், குரலை முதலில் பண்படுத்துவோர், தாளத்தை முதலில் நிறுத்துவோர் என வாத்தியார்களிடையே சம்பிரதாய பேதம் உண்டாயிற்று. இரண்டிலும் சிறப்புண்டெனினும், எங்கள் வாத்தியார் இரண்டுக்கும் முன்னதாகக் காலைப் பழக்கினார். மாசியில் காமன் கூத்துக்குக் கம்பம் ஊன்றுவதற்கு நெடுநாள் முன்பே, பொட்டலில் எங்களைச் சலங்கையுடன் சுற்றவிட்டு, தப்படி மாறுமிடத்தில் முழங்கால் தானாக மடியும் வரையில் ஒரு சொல்லும் பாடவிடமாட்டார். மூச்சு வாங்கினால், வயிற்றில் உள்ளங்கையை வைத்து, எங்கே தம் பிடித்து எங்கே விட வேண்டுமென்று அழுத்தியே உணர்த்துவார். கூத்தில் வரும் ரதியின் புலம்பலுக்கு மட்டும் லயத்து முதிய பெண்களிடம் அனுப்புவார்; அவர்களோ எங்களைத் தோளோடு தோள் சேர்த்து அமர்த்தி, தாம் அசையும் அசைவிலேயே எங்களையும் அசைத்து, ஒப்பாரியின் இழுவை எங்கே ஏறும், எங்கே உடையும் என்பதை வாயால் விளக்காமலே புகட்டிவிடுவார்கள்.

இனிச் சொல்வதை எவரையும் சுட்டியதாகக் கொள்ளலாகாது. இந்நாளில் சிலர் கைபேசியில் பதிந்த பாட்டைக் கொப்பியில் எழுதி, ஒலிவாங்கியின் முன் தூணாக நின்று ஒப்பிக்கிறார்கள். மூச்சுப் போதாத இடத்தை எக்கோ நிரப்புகிறது. தப்பைத் தீயிற் காய்ச்சும் பொறுமையும் இல்லை. நான்கு நிமிஷத்தில் ரதி அழுது முடித்துவிடுகிறாள். ஒரு போட்டியில், சலங்கையைக் காலிற் கட்டாமல் கையிலே பிடித்துக் குலுக்கியவருக்கு முதற்பரிசும் பொன்னாடையும் வழங்கப்பட்டதை இந்தக் கண்களாலேயே கண்டேன்! அன்று கைதட்டிய நடுவர்களை எண்ணினால், பாட்டு மாத்திரமன்று, கூச்சம் என்பதே நம்மை விட்டு அகன்றுவிட்டதோவென்று அஞ்சுகிறேன். கொழும்பில் உழைத்து, விடுப்பில் மூன்று நாள் ஊர் வரும் பிள்ளைகளை நோவதற்கில்லை. கற்பிப்பவர் குந்தியிருந்தால் கற்பவர் எவ்வாறு ஆடுவார்?

அடுத்த போட்டிக்கு விதி வகுக்கையில், தப்படிக்குப் பொட்டலை ஒருமுறை சுற்றிப் பாடிக்காட்டாதவரை மேடைக்கு அழைப்பதில்லையென்று ஒரு விதி சேர்த்தருளுமாறு மன்றத்தாரை வேண்டுகிறேன்.